பதினைந்து புள்ளி இரண்டில் நீ இல்லை, அப்பா

என் கூட்டுக்களவாணி அப்பாவுக்கு,

உயிரோடு இருந்தபோது உன்னை 'வா, போ' என்றுதான் பேசினேன். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக இப்போது 'ங்கள்' ஒட்டப்போவதில்லை. பூசையில் ஃபாதர் உன்னை 'அமரர் அந்தோணிசாமி அவர்கள்' என்று வாசித்தபோது யாரோ பெரிய அதிகாரி போய்ச் சேர்ந்துவிட்டதைப் போல இருந்தது. யாரது என்று திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் நீயும் திரும்பிப் பார்த்திருப்பாய்.

உனக்குச் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன. மல்லிப்பட்டினம் கரையே உன்னைப் பொய்யன் என்றது, இது ஒன்று. இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, இது இன்னொன்று. நடுவில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

நெஞ்சுவலி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நீ தனியாகக் கடலுக்குப் போனாய். பேராவூரணித் தோப்பில் சும்மா கிடந்த தென்னம்பாளைகளை வாங்கி வந்து, கொத்துக் கொத்தாகக் கட்டி, மணல் மூட்டையோடு கடலுக்குள் இறக்கினாய். கணவாய் மீன் முட்டையிட இப்படி ஒரு மறைவைத் தேடி வரும். வருவதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கலாம். அன்று படகு ஜிபிஎஸ்ஸின் பேட்டரி வயர் அறுந்து கிடந்ததால், இறக்கிய இடத்தைப் போனில் பார்த்து எனக்கு அனுப்பினாய்: 10.15200, 79.40500. அதற்குக் கீழே, "மாமாகிட்ட மூச்சு விடாத. சீசன்ல நேரா அங்க கொண்டுபோய் நிறுத்துறேன். அவன் மூஞ்சிய நீ போட்டோ எடுக்கணும்" என்று எழுதியிருந்தாய்.

நான் மூச்சு விடவில்லை. நீதான் மூச்சை விட்டுவிட்டாய்.

சீசன் தொடங்கியதும் சேவியர் மாமாவிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். அம்மாவின் தம்பி, படகில் பாதிப் பங்குக்காரர், உன் கேலிக்கு முழுப் பங்குக்காரர். படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் ஜிபிஎஸ் வயரை மாற்றிக்கொண்டு ஆட்களோடு கிளம்பிவிட்டார்.

நம் கரையில் இடம் சொல்கிற வழக்கம் உனக்குத் தெரியாததா? நாம் மீன் பிடிக்கிற கடல் எல்லாமே வடக்கே பத்து டிகிரி, கிழக்கே எழுபத்தொன்பது டிகிரிக்குள்தான். அதனால் டிகிரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கப்புறம் வருகிற மினிட்டை மட்டும், "ஏழு புள்ளி நாலுல இறால்" என்று சொல்வார்கள். மாமாவும் அப்படித்தான் செய்தார். உன் எண்ணில் பத்தையும் எழுபத்தொன்பதையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஜிபிஎஸ்ஸில் 15.200, 40.500 என்று அடித்தார். புள்ளிக்கு முன்னால் இரண்டு இலக்கம், பின்னால் மூன்று. கட்டம் அச்சாகப் பொருந்தியது. பொருந்திய பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

ஜிபிஎஸ் அவர்களை முத்துப்பேட்டைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அங்கே துழாவினால் சேறு, இன்னும் துழாவினால் இன்னும் சேறு. கணவாயைத் தேடிப் போனவர்கள் வெறும் வாயோடு வந்தார்கள்.

ஏலக் கொட்டகையில் பக்கத்துப் படகு அருள் சும்மா இருப்பாரா?

"என்ன சேவியரு, ஒன் மச்சான் கடலுக்கடியில தோப்பு வெச்சிருக்காராமே! எளநி ரெண்டு வெட்டிட்டு வரக் கூடாதா?"

கொட்டகையே சிரித்தது. மாமா காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெடித்தார். "செத்தும் என்னய முட்டாளாக்கிட்டாருக்கா. இந்தப் படகும் வேணாம், அவரு வெளையாட்டும் வேணாம். இஞ்சின வித்துட்டு நான் குவைத்துக்குப் போறேன்."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அம்மா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மாமா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள்: "விடுடி ஜெனி. ஒங்கப்பா வெளையாட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

கடைசியாக நீ எங்களுக்கு விட்டுப்போனது ஒரு பொய் என்று அம்மா நம்பிவிட்டாள், அப்பா. படகு போனால் போகட்டும் என்று என்னால் விட்டிருக்க முடியும். இதை எப்படி விடுவது?

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாமாவின் தூக்குச்சட்டியில் ரப்பர் நண்டு வைத்தது நீ. டீக்கடை இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் 'திமிங்கலம்' என்று பதிந்து வைத்தது நான். கரையில் நீ பெரும்புள்ளியும் இல்லை, நான் சின்னப் புள்ளியும் இல்லை. நம் வாய்க்கு மதிப்பு ஏது?

உன் எண்ணை அப்படியே போனின் மேப்பில் போட்டுப் பார்த்தேன். நம் கரைக்கு நேர் எதிரே, தென்கிழக்கில், நீ வழக்கமாகப் போய்வரும் தூரத்தில் போய் விழுந்தது. முத்துப்பேட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமா படகில் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போன் ஒண்ணு சொல்லும், ஜிபிஎஸ் ஒண்ணு சொல்லும். கடல்ல நான் நம்புறது ஜிபிஎஸ்ஸத்தான். அதுல கைய வெச்ச, ஒடிச்சிருவேன்."

"கைய வெக்கல மாமா. பக்கத்துல போன மட்டும் வெக்கிறேன். இப்ப நாம எங்க இருக்கோம்?"

"கரையில. வம்பு பண்ணாம போடி."

"ஒரே படகுலதான?"

"ஆமா, ஒனக்குத் தனிக் கப்பலா விட்டிருக்கேன்?"

"அப்பறம் ஏன் ரெண்டும் வேற வேற நம்பரக் காட்டுது?"

போன் 10.27500 என்றது. ஜிபிஎஸ் 10 டிகிரி 16.500 என்றது. மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு பொய் சொல்லுது."

"ரெண்டுமே உண்மைதான் மாமா. ஒரு டிகிரிக்கு அறுவது மினிட்டு. ஜிபிஎஸ் மினிட்டக் காட்டுது. போன் மினிட்டே காட்டல, டிகிரியிலயே புள்ளி வெச்சுக் காட்டுது. அந்தப் புள்ளிக்கு அப்பறம் உள்ளத அறுவதால பெருக்கிப் பாருங்க."

நான் பெருக்கிக் காட்டினால் நம்பமாட்டார் என்று போனை அவர் கையிலேயே கொடுத்தேன். .275ஐ அறுபதால் பெருக்கினார். 16.5 வந்தது. ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நான் சொல்லாமலேயே உன் எண்ணை எடுத்தார். .152 ஒன்பது புள்ளி ஒன்று இரண்டானது. .405 இருபத்துநாலு புள்ளி மூன்றானது. மறுபடியும் பெருக்கினார். அதேதான்.

"அந்த வயர மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன் ஒங்கப்பன்கிட்ட" என்றார். திட்டுகிறவருக்குக் குரல் ஏன் அப்படி உடைய வேண்டும்?

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். இந்த வித்தியாசம் உனக்காவது தெரிந்திருந்ததா? இல்லை, நீயும் மாமாவை நேராகக் கொண்டுபோய் அந்தச் சேற்றில்தான் நிறுத்தியிருப்பாயா?

அன்று இரவு வீட்டில், நானும் வருவேன் என்றேன். "பொம்பளப் புள்ளய ஏத்திக்கிட்டுப் போனா கரையே சிரிக்கும்" என்றார் மாமா. "கரை இப்பவே சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்றேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தாள்: "அவளக் கூட்டிட்டுப் போடா. அவ கண்ணால பாத்து வந்து சொன்னாதான் நான் நம்புவேன்."

மாமா இஞ்சினைத் திரும்ப மாட்டினார், கிளம்பினோம். ஜிபிஎஸ் 'வந்துவிட்டாய்' என்று கூவிய இடத்தில் தண்ணீர் எல்லா இடத்தையும் போலத்தான் இருந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற நம் வீட்டுப் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். சேறு. இன்னொரு பக்கம் இழுத்தோம். சேறு. மாமா என் முகத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இழுவையில் கரண்டி மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

பாளைக் கொத்து மேலே வந்தது. காம்புக்குக் காம்பு கருந்திராட்சை காய்த்ததைப் போலக் கணவாய் முட்டை. கட்டியிருந்த கயிறு எது தெரியுமா? உனக்கா தெரியாது! அம்மா துணி காயப்போடுகிற பச்சைக் கொடிக்கயிறு. காணோம் என்று எதிர்வீட்டோடு அவள் சண்டை போட்டாளே, அதேதான்.

அப்போது மாமாவை ஒரு போட்டோ எடுத்தேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று உன்னால்கூடச் சொல்ல முடியாது.

"ஒரே ஒரு கொத்து கரைக்குக் கொண்டு போவம் மாமா. அருள் மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

"வெயில்ல முட்ட போயிரும்டி. மச்சான் இத முட்டைக்குத்தான் வெச்சாரு, அருளுக்கு வெக்கல. எறக்கு."

இறக்கிவிட்டோம். அதை மறைத்து வைத்துவிட்டு எப்படி நிரூபிப்பது என்று வழியெல்லாம் எனக்குப் பொருமல். கூடையில் தூண்டிலில் விழுந்த கணவாய் மட்டும்தான் இருந்தது. கரையில் அருள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"எங்க கெடச்சுச்சு சேவியரு?"

"மச்சான் சொன்ன எடத்துல."

"அதான், எந்த எடம்?"

மாமா என் போனை வாங்கி உன் எண்ணை அவருக்கு நீட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "இந்தா, ஒளிக்க என்ன இருக்கு? பாத்து அடிச்சுக்க. டீசல் மட்டும் நெறையப் போட்டுக்க."

அருள் பத்தையும் எழுபத்தொன்பதையும் தள்ளிவிட்டு மிச்சத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். நம் சேவியர் மாமாவா இது? உன் ஆவி எதுவும் அவர்மேல் இறங்கிவிட்டதா? இன்று காலை அருளின் படகு முத்துப்பேட்டைப் பக்கம் போவதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். குவைத் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. இஞ்சினை விற்கிற பேச்சும் இல்லை.

அம்மாவிடம் முட்டையைச் சொன்னேன், தலையாட்டினாள். கொடிக்கயிற்றைச் சொன்னேன். பிடித்தாள் பார் ஒரு பிடி! "பாவி மனுஷன், பதினஞ்சு மொழக் கயித்தக் கொண்டுபோய்க் கடல்ல போட்டிருக்கான்!" நீ போன பிறகு அம்மா உன்னை வாய் நிறையத் திட்டியது அதுதான் முதல் தடவை. திட்டித் திட்டி, மூச்சு வாங்கி, என் தோளில் சாய்ந்துகொண்டு, "சொன்ன எடத்துலயே இருந்துச்சா?" என்று கேட்டாள். "இம்மிகூட நகராம" என்றேன்.

எனவே ஒரு வாக்கு தருகிறேன். உன்னை விளையாட்டுக்காரன் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும், நானே முதல் ஆளாகச் சொல்வேன். பொய்யன் என்று ஒருவன் சொல்லட்டும், அவன் எந்தக் கடலில் இருந்தாலும் தேடி வந்து வாயை அடைப்பேன். இனி நம் படகின் ஜிபிஎஸ்ஸில் இடம் அடிப்பது நான்தான். மாமா கையை ஒடிக்கட்டும், பார்க்கலாம்.

உன் வாயோடு பிறந்த மகள்,
ஜெனி