திட்டாமல் கஞ்சி இறங்காது

அன்புள்ள முசோண்டா, உன் முழங்கால் வலி தேவலையா?

நம் ஊர்ப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன அந்த வருடம் இந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்படி எரிச்சல் பட்டதே இல்லை. நான் ஊருக்கு வருவதற்காக என் இடத்தில் சீஷா என்ற நம் பெம்பாப் பெண்ணை வைத்தார்கள். பொறுமையும் பணிவும் உள்ளவள். "தாத்தா, சாப்பிடுங்க" என்றாள். ங்கோனிக் கிழவன் ஜெரே கிண்ணத்தைத் தள்ளிவிட்டான்.

"பெம்பாக்காரி எனக்கு மரியாதை குடுக்குறா! நான் என்ன இவ மாமனாரா?"

நம் பெம்பா சனமும் அவன் ங்கோனி சனமும் ஒருவரையொருவர் திட்டி விளையாடும் கேலி முறையாயிற்றே. திட்டச் சொன்னால் இவள் அழுகிறாள். நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுகிறவளும் இவள்தான்.

கடைசியில் நானே போனேன். "எலி தின்னி, வாயத் தொற!"

"குரங்கு தின்னி, ஊருக்குப் போறேன்னியே, போகலியாடா?" என்று சிரித்துக்கொண்டே விழுங்கினான்.

ஆகவே இந்த மாதமும் வர முடியாது. வறுத்துத் தின்ன உலர்ந்த காட்டுப்புழு ஒரு பொட்டலம் அனுப்பு. கடிதம் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது. என்னைத் திட்டுவதற்குப் பழைய ஆட்களில் மிச்சமிருப்பவன் ஜெரே ஒருவன்தான்.