பங்கேற்பாளர் ஏழு வேண்டாம் என்று சொன்னது

அனுப்புநர்:
சலவைக் கடை உரிமையாளர்
(தங்கள் நிறுவனத்தின் கட்டுரைகளில் ‘பங்கேற்பாளர் ஏழு’ எனக் குறிப்பிடப்படுபவரின் உடன்பிறந்த அக்கா),
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க் கட்டடம், தரைத்தளம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
நரம்பியல் ஆய்வு நிறுவனம்.

பொருள்: வரும் வியாழக்கிழமை என் தம்பியின் மூளையில் கம்பி பொருத்தவிருக்கும் ஆய்வை நிறுத்தி வைக்கவும், அவர் ஏற்கெனவே தெரிவித்த மறுப்பைப் பதிவு செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் கொடுத்து, நேரிலேயே திருப்பித் தரப்பட்ட மனு.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று முகப்பு மேசையில் கேட்டேன். சொல்ல அனுமதி இல்லை என்றார்கள். எனவே பொதுவாக எழுதுகிறேன்; மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். தம்பியை ‘அவர்’ என்று மேலே ஒரு முறை எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

1. என் தம்பி லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டான் என்று கைவிட்ட நிலையிலிருந்து பிழைத்தான். அதற்கு முன் நடந்ததெல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பின் நடப்பது எதுவும் நான்கு சட்டை தேய்த்து முடிக்கும் நேரத்துக்கு மேல் மனதில் தங்குவதில்லை. மற்றபடி அவன் புத்திசாலி, கிண்டல்காரன், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான்.

2. சும்மா உட்கார வைக்கக் கூடாதே என்று கடையில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். ஆறே மாதத்தில் தொழில்காரன் போலத் தேய்த்தான். ஆனால் தினமும் காலையில் எனக்கு இது தெரியாதே அக்கா என்பான். சொல்லிக்கொண்டே பட்டுத் துணியைச் சுருக்கமில்லாமல் தேய்த்துவிடுவான். கற்றது அவனுக்குத் தெரியவில்லை, அவன் கைக்குத் தெரிந்திருந்தது. தேய்க்கக் கொடுத்த சேலையை வாங்க வந்த தங்கள் நிறுவனப் பேராசிரியர் அதைக் கண்டு கடையிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். அப்படித்தான் முதல் கட்டுரை வந்தது. அதில் அவன் ‘பங்கேற்பாளர் ஏழு’. மற்ற ஆறு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

3. பேராசிரியரைக் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. அவர் என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தம்பியின் மாத்திரையால் வந்த கை நடுக்கத்தைக் கண்டுபிடித்து மாற்றித் தந்தவர் அவரே. அவர் பெயரில் முப்பத்தொரு கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன; அவற்றுள் பத்தொன்பதில் என் தம்பி இருக்கிறான். முதல் கட்டுரையை உலகெங்கும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். மேற்கோள் என்றால் என்ன என்று கேட்டேன். நாம் செய்த வேலையைப் பற்றி வேறொருவர் பேசுவது என்று விளக்கினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. துணி வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

4. மேற்கோள் ஏற ஏற ஆட்களும் வந்தார்கள். படித்தவர் ஒவ்வொருவரும் தான் ஒரு முறை சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார். படம் காட்டுவார்கள், மறைப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து ‘டக் டக்’ என்று இயந்திரத்தை ஓட்டுவார்கள். தங்கள் விதிப்படி ஒவ்வொரு முறையும் அவனிடமே சம்மதம் கேட்டார்கள். அவனுக்கு ஒவ்வொரு முறையும் அதுவே முதல் முறை. ஏன்டா எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறாய் என்று ஒரு நாள் கடிந்துகொண்டேன். “பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?” என்றான். அவனுடைய நல்ல குணம்தான் அவனுக்கு எமனாகிவிட்டது.

5. கடந்த மூன்று ஆண்டுகளாகப் பேராசிரியரின் புதிய கட்டுரைகளை யாரும் அதிகம் மேற்கோள் காட்டவில்லை என்று அறிகிறேன். தங்கள் நிறுவன நடைபாதையில் ஆய்வாளர்களின் பெயர்களையும் மேற்கோள் எண்ணிக்கையையும் வரிசைப்படுத்தி ஓடும் திரையில் அவர் இரண்டாம் இடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தார். சோதனைக்குக் காத்திருக்கும் நாற்காலி அந்தத் திரைக்கு நேர் எதிரே இருப்பதால் நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். பதவி மறுபரிசீலனை வருகிறதென்றும், புதிதாக ஏதாவது காட்டாவிட்டால் ஆய்வுக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்றும் அவர் என் கடையில் உட்கார்ந்து அழுதார். கம்பி பொருத்தும் யோசனை அதன் பிறகு வந்தது. மண்டையில் துளையிட்டு, நினைவு உருவாகும் இடத்தில் மெல்லிய கம்பிகளை வைத்துப் பல நாள் பதிவு செய்வார்களாம். இதனால் பங்கேற்பாளருக்குப் பயன் உண்டு என்று உறுதி கூற இயலாது எனப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

6. சென்ற மாதம் அதற்கு அளவெடுத்தார்கள். தலை அசையாதிருக்க நெற்றியில் நான்கு இடத்தில் திருகி இறுக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டினார்கள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். பன்னிரண்டு ஆண்டில் அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, அன்று கேட்டேன். சட்டத்தைக் கழற்றியதும் செவிலியர் என்னை உள்ளே விட்டார். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “போதும்க்கா. இனிமே வேண்டாம். நான் மறந்துடுவேன்ல? நீ மறந்துடாதே.”
பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் நெற்றி ஏன் வலிக்கிறது என்று என்னிடமே கேட்டான்.

7. அடுத்த வாரம் காரில் வந்தார்கள். முறையாக எல்லாவற்றையும் விளக்கினார்கள். வலி இருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்கள். அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். நான் குறுக்கே புகுந்து கூடாது என்றேன். என்னைக் கேட்காமல் முடிவு பண்ண நீ யார் என்று வாடிக்கையாளர் முன்னால் என்னிடம் கோபித்துக்கொண்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். அவன் வளர்ந்த ஆள். நான் அவனுக்கு அக்கா, எஜமானி அல்ல.

8. எனவே என் மறுப்பை ஏற்குமாறு நான் கேட்கவில்லை. அவனுடைய மறுப்பை ஏற்குமாறு கேட்கிறேன். எழுதி வாங்கியிருக்கலாமே என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். சட்டத்தைக் கழற்றிய அன்றே, அந்த அறையிலேயே எழுதி வாங்கினேன். அதைக் காட்டியபோது, பிந்தைய தேதியிட்ட சம்மதமே செல்லும் என்று கையில் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் விஷயத்தில் பிந்தையது எப்போதும் சம்மதமாகத்தானே இருக்கும்? பட்ட பின் வேண்டாம் என்பான். மறந்த பின் சரி என்பான். பட்டு உணர்ந்து சொன்னதற்கு மதிப்பில்லை, மறந்துபோய்ச் சொன்னதற்கு மதிப்பு என்றால் இது எந்த ஊர் நியாயம்? அவன் சொன்னது தன் காதில் விழுந்தது என்றும், அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை என்றும் அந்தச் செவிலியர் சொல்கிறார். குழு அழைத்தால் வந்து சொல்லவும் தயாராக இருக்கிறார்.

9. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஒருவேளை அந்தக் கம்பியால் அவனுக்கு நினைவு திரும்பிவிடுமோ, நான்தான் கெடுக்கிறேனோ என்று நினைக்கிறேன். பேராசிரியரிடமே கேட்டேன். அவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. “தெரியலக்கா” என்றார்.

10. ஆகவே தாங்கள் கருணையுடன் செய்ய வேண்டியவை: வியாழக்கிழமை ஆய்வை நிறுத்த ஆணையிட வேண்டும். இவனைப் போன்றவர்களிடம் சோதனைக்கு முன் கேட்பது போல, முடிந்து எழும் அந்த நிமிடத்திலும் ஒரு முறை கேட்டு, அதையே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மேலும், இந்த ஆய்வு நின்றுபோனதைப் பேராசிரியரின் பதவி மறுபரிசீலனையில் குறையாக எழுதக் கூடாது. என் தம்பி பிழைக்க அவர் பிழைப்பில் மண் விழ வேண்டியதில்லை.

11. இந்த மனுவின் ஆறு, ஏழு, எட்டாம் பத்திகளை இன்று பிற்பகல் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். யார் என்று சொல்லவில்லை; ‘தம்பி’ என்று வரும் இடங்களில் ‘பங்கேற்பாளர் ஏழு’ என்றும், ‘அக்கா’ என்று வரும் இடங்களில் ‘வீட்டார்’ என்றும் மாற்றிப் படித்தேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டான். “அந்த ஆள்தான் வேணாம்னு சொல்லிட்டாரே. மறந்துட்டாருங்கறதுக்காக மறுபடி கேப்பாங்களா? ஏமாத்து வேலைல்ல இது?” என்றான். அது நீதான்டா என்றேன். நெற்றியைத் தடவிப் பார்த்தான். தழும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கீழே அவனாகவே கையெழுத்துப் போட்டான்.

இதை எழுதி முடிப்பதற்குள் அவன் அதை மறந்துவிட்டான். உள்ளே பாட்டை முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருக்கிறான். வியாழக்கிழமை கடை வாசலில் கார் வந்து நின்றால், வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறி உட்காருவான். என்னால் அவனைத் தடுக்க முடியாது. அந்தக் காரைத் தாங்கள் அனுப்பாமலிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கலக்கத்துடன் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அக்கா, சலவைக் கடை

(ஒப்பம்)
தம்பி. எனக்கு வேண்டாம்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை, பிற்பகல்

நகல்: பேராசிரியர் அவர்களுக்கு, தேய்த்து வைத்த சேலையுடன்.