கொன்றைத்துறைச் சந்தையில் ஒரு பிடி கீரை

மழை தவறாமலும் மதில் சாயாமலும் வேழநாடு வாழ்க. அந்நாட்டு வேந்தர்க்கு வலக்கையாகவும், வேந்தர் உறங்கும் வேளையில் இரு கண்களாகவும் விளங்கும் பேரமைச்சர், அறநூல் பல கற்றவர், ஆணைகள் அதனினும் பல இட்டவர், மதிவாணராயர் அவர்களின் திருமுன்பு, கொன்றைத்துறைக் குறுநிலத்தைக் கணவர் ஏறுநம்பியாருக்குப் பின் ஆண்டுவரும் உலகநங்கை வணங்கி எழுதும் ஓலை. தலைநகரில் யாவரும் நலமென்று நம்புகிறேன். இங்கும் யாவரும் நலம் என்று எழுதவேண்டியது மரபு, ஆகவே எழுதிவிட்டேன்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு கட்டளைகள் கண்டேன். கீரை விற்கும் சடைச்சி என்பவள், கைராசி அதிகாரி வந்து முதல் போணி செய்யும் முன்பே ஒரு பிடி முளைக்கீரையை ஒரு கைம்பெண்ணுக்கு விற்றாள். அக்குற்றத்திற்காகச் சந்தையில் தான் அமரும் இடத்தை அவள் இழக்கவேண்டும் என்பது ஒன்று. கீரையை வாங்கிய கைம்பெண் இனிச் சந்தைப் பக்கம் வராமல் மாளிகைக்குள் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. அந்த இரண்டாம் கட்டளையில் என் பெயரைக் குறிக்காமல் விட்ட தங்கள் நாகரிகம் என்னை நெகிழச் செய்தது. நடந்ததை விளக்குமாறும் கேட்டிருக்கிறீர்கள். விளக்குகிறேன்.

கீரையைத் தட்டில் மட்டுமே கண்டிருக்கும் தங்களுக்குச் சந்தையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆற்றங்கரைக் கொன்றைகள் பூத்ததும் எங்கள் இளவேனிற் சந்தை கூடும். விடியுமுன் சுற்றுவட்டாரத்து உழவர்கள் வந்து கடை விரிப்பார்கள். பலாவும் மாங்காயும் வண்டியில் வரும். நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் முருங்கைக்காயும் தலைச்சுமையாக வரும். கீரை இடுப்புக் கூடையில், ஈரத் துணியின்கீழ் வரும். கடை விரித்ததும் யார் முதலில் வாங்குகிறாரோ அவருடைய கையைப் பொறுத்தே அன்றைய விற்பனை என்பது இவர்களின் நம்பிக்கை. அந்த முதல் விற்பனையைத்தான் போணி என்பார்கள். விற்பனை ஓடினால் முதலில் வாங்கியவரை வாழ்த்துவார்கள். ஓடாவிட்டால் பொழுது சாயும்வரை திட்டுவார்கள். மறுநாள் இரண்டையும் மறந்துவிடுவார்கள். என் கணவருடைய கை நல்ல கை என்று பெயர் பெற்றிருந்தது. முற்றிய வெள்ளரியைப் பிஞ்சென்று நம்பி, பேரம் பேசாமல் வாங்கிச் செல்பவரை வேறென்ன சொல்வார்கள்?

இப்படி எங்கள் அறியாமையிலேயே நாங்கள் வாழ்ந்திருப்போம். ஆனால் சென்ற ஆண்டுப் போருக்குப் பின், கொன்றைத்துறைச் சந்தையில் விற்பவர்களிலும் வாங்குபவர்களிலும் பாதிக்குமேல் வெள்ளைச் சேலை என்பதைத் தலைநகரின் சோதிடர்கள் கேள்விப்பட்டு மிகவும் கவலைகொண்டார்கள். எங்களுக்காக அல்ல, காய்கறிகளுக்காக. கைம்பெண்ணின் கை முதலில் பட்டால் விளைச்சல் குன்றும், விளைச்சல் குன்றினால் வரி குன்றும் என்று அவர்கள் கணித்தார்கள். உடனே வேந்தர் கருணைகூர்ந்து, தம் நாட்டிலேயே நல்ல கைராசி உடையவரான ஆனைமேலழகரை அதிகாரியாக அனுப்பிவைத்தார். ஒவ்வொரு கடையிலும் அவர் வாங்கிய பின்னரே பிறர் வாங்கலாம் என்பது ஆணை.

அதிகாரியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் எழுகிறார், ஆற்றில் நீராடுகிறார், பூசை முடிக்கிறார், நல்ல ஓரை வரும்வரை சிற்றுண்டி கொள்கிறார். பிறகு பல்லக்கில் வருகிறார். பதவிக்கேற்ற காய் என்பதால் பலா வரிசையில் தொடங்குகிறார். கடைக்கு ஒன்றாக வாங்கியவை பின்னால் ஒரு வண்டியில் அவர் வீட்டுக்குப் போகின்றன. அவ்வளவையும் தின்று தீர்க்கும் கடமை அவர் குடும்பத்தார்மேல் விழுந்திருக்கிறது. கீரை வரிசை கடைசி. அங்கே அவர் வரும்போது வெயில் உச்சியில் நிற்கும், கீரை படுத்திருக்கும்.

மீன் வரிசையின் நிலை இன்னும் நுட்பமானது. அதிகாரி மீனைத் தொடுவதில்லை. அவருடைய பணியாள் தொட்டால் கைராசி அவன் வழியாக மீனுக்குச் செல்லுமா செல்லாதா என்று தெளிவு வேண்டித் தங்களுக்கு ஓலை எழுதினார். செல்லும் என்று தாங்கள் எழுதிய மறுமொழி வந்தது. ஆனால் மீன் அதுவரை காத்திருக்கவில்லை. செம்படவர்கள் இப்போது அக்கரை அரசருடைய சந்தைக்குப் போகிறார்கள். அங்கே கைராசி அதிகாரி இல்லை என்ற குறையைப் பொறுத்துக்கொள்கிறார்களாம்.

இனி, குற்றம் நடந்த நாள். துக்கம் காத்து ஓராண்டு மாளிகையைவிட்டு வெளிவராத நான், அன்றுதான் மீண்டும் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தேன். பணிப்பெண்ணை அனுப்பியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒருத்திக்குச் சமைக்க என்ன வாங்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேரில் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். அன்று பேசிய பேச்சுகளைப் பேசியபடியே எழுதுகிறேன். அரண்மனைத் தமிழில் மாற்றினால் உப்புக் குறையும்.

புங்கமரத்தடியில் சடைச்சி மூடிய கூடைமேல் நீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சடைச்சி, கூடையை மூடியே வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"கைராசி இன்னும் குளிக்கல தாயி. அது குளிச்சு, சாமி கும்பிட்டு, பலாவையெல்லாம் தடவிட்டு வர்றதுக்குள்ள என் கீரைக்கு நரை விழுந்துரும்."

"எனக்கு ஒரு பிடி குடு."

"ஒரு பிடியா? மூணு பிடி இல்ல நீ..." என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு ஈரத்துணியை விலக்கினாள்.

பக்கத்துக் கடையில் நுங்கு சீவிக்கொண்டிருந்த காத்தான் பதறினான். "ஏ சடைச்சி, வேணாம். தலையாரி பார்த்துக்கிட்டே நிக்கிறான்."

"பார்க்கட்டும். அவன் பொஞ்சாதி நேத்து வாடின கீரையைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சா. அதையும் பார்த்துக்கிட்டுத்தான நின்னான்?"

நான் கையை நீட்டவில்லை. "என் கை என்ன கைன்னு உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"என் கை மட்டும் என்ன கையாம்? நானும் வெள்ளைதான் கட்டியிருக்கேன். வெள்ளை மேல வெள்ளை பட்டாக் கறையா தெரியப்போகுது? பிடி தாயி."

கீரையை வாங்கினேன். ஒரு பிடிக்குக் கொசுறு கிடையாது என்று சொல்லிக்கொண்டே, போணியாயிற்றே என்று இரண்டு வெள்ளரிப்பிஞ்சுகளையும் கூடையில் போட்டாள். பிஞ்சுகள்தாம், பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததற்குச் சோதிடர்கள்தான் விளக்கம் சொல்லவேண்டும். அடுத்தவள் துணியை விலக்கினாள். அவளுக்கு அடுத்தவளும் விலக்கினாள். தலையாரி ஓடிப்போய்ச் செய்தி சொல்லி, அதிகாரி ஓரை பார்த்துப் பல்லக்கேறி வருவதற்குள் கீரை வரிசை முழுதும் விற்றுத் தீர்ந்து, பெண்கள் வெறுங்கூடைகளைக் கவிழ்த்து மண் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்குவதற்கு ஒன்றுமில்லாத வரிசையில் ஆனைமேலழகரின் கை சும்மா தொங்கியது.

"யாரடி முதல்ல வித்தவ?" என்றார்.

"நான்தான் எசமான்" என்றாள் சடைச்சி. "நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனே வாங்க. நல்ல கட்டா எடுத்து ஒதுக்கி வைக்கிறேன்."

இதையே அவர் தங்களுக்குக் கலகச் சொல் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் இதற்கு வாடிக்கையாளரை அழைத்தல் என்று பெயர்.

அதிகாரி இரக்கமற்றவர் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. தங்கள் கட்டளையை ஊரார்முன் படித்த அன்று, அவளுக்கு ஒரு வழியும் காட்டினார். கைம்பெண்ணின் கை பட்டதால் தன் கீரைப்பாத்தி வாடிவிட்டது என்று சடைச்சி எல்லார் முன்னிலையிலும் ஒரு சொல் சொல்லிவிட்டால், அவள் அறியாமல் பிழை செய்தாள் என்று கொண்டு, இடத்தை அவளிடமே விட்டுவிடலாம் என்றார். சடைச்சி என்னைப் பார்த்தாள். அவளுடைய பாத்தி ஆற்றுப் படுகையில் இருக்கிறது. இந்த இளவேனில் கழிந்தால் ஊற்று வற்றும். பிறகு ஆற்றில் புதுநீர் வரும்வரை அவளுக்கும், அவள் மாமனாருக்கும், பால் மறவாத பெண்குழந்தைக்கும் இந்தக் கூடை இப்போது சேர்த்துத் தரும் காசுதான் சோறு. சொல்லிவிடு என்று நான் தலையசைத்தேன். அந்த ஒரு சொல்லால் எனக்குக் குறையப்போவது என்ன? என் கையைப் பற்றி ஊர் சொல்லக்கூடியதையெல்லாம் நானே எனக்குச் சொல்லி முடித்தாயிற்று.

சடைச்சி என் தலையசைப்பைக் காணாதவள்போல அதிகாரியிடம் திரும்பினாள். "எசமான், பாத்தியில போய்ப் பாருங்க. தளதளன்னு நிக்குது. வாடிருச்சுன்னு நான் சொல்லி, அது காதுல விழுந்து, நெசமாவே வாடிருச்சுன்னா யார் பொறுப்பு?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சடைச்சி சந்தை எல்லைக்கல்லுக்கு அப்பால் கூடையோடு வந்து அமர்கிறாள். அவளிடம் யாரும் வாங்காதபடி தலையாரி காவல் நிற்கிறான். பொழுது ஏறியதும் கீரையை வழியில் போகும் மாடுகளுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள். மறுநாளும் வருகிறாள்.

ஆனைமேலழகரின் கைராசியை நான் ஐயுறுவதாகத் தாங்கள் கருதவேண்டாம். அந்தக் கையை நான் முன்பே அறிவேன். சென்ற ஆண்டு வேந்தரின் படை நரிமலைக் கணவாய்க்குப் புறப்பட்டபோது, எங்கள் ஊர் ஆண்கள் இதே சந்தைத் திடலில்தான் அணிவகுத்து நின்றார்கள். வெற்றி உறுதியாகும்பொருட்டு, நல்ல கைராசிக்காரர் ஒருவர் கையால் வழியனுப்பு வெற்றிலை கொடுக்கவேண்டும் என்று தலைநகரிலிருந்து அவரைத்தான் அனுப்பினீர்கள். முதல் வெற்றிலை என் கணவருக்கு. அடுத்தது என் மகன் இளமருதனுக்கு. அவனுக்கு வெற்றிலை மென்று பழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சடைச்சியின் கணவன் பின் வரிசையில் நின்றான். வரிசை கலையும்வரை அதிகாரியின் கை ஓயவில்லை. அவர் கையால் வெற்றிலை வாங்கியவர்களில் ஒருவரும் கணவாயிலிருந்து திரும்பவில்லை. கணவாய்வரை போகும் வேலை இல்லாததால், அவர் மட்டும் நலமாகத் தலைநகர் திரும்பினார்.

கைம்பெண்களின் கையைக் கண்டு இவ்வளவு அஞ்சும் சோதிடர்கள், ஓர் ஊரில் இத்தனை கைம்பெண்கள் எந்தக் கையால் உண்டானார்கள் என்பதை மட்டும் இதுவரை கணித்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேலை மிகுதி என்று அறிவேன். இப்போது அதே கையைக் கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் பேரருளுக்கு நன்றி சொல்லும் தகுதி எங்கள் காய்கறிகளுக்கு இல்லை.

ஆகவே, கொன்றைத்துறைச் சந்தையின் உரிமை எங்கள் குடிக்கு முந்தைய வேந்தர் செப்பேட்டில் வழங்கியது என்பதாலும், அந்தச் செப்பேட்டில் கைம்பெண் நீங்கலாக என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை என்பதாலும், இன்று காலை ஊரார் அறிய நான் இட்ட ஆணையைத் தங்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறேன். சடைச்சி தன் புங்கமர நிழலுக்குத் திரும்புவாள். அவளுக்குப் பின் அவள் மகள் விரும்பினால் அந்த இடம் மகளுக்கு. விடிந்ததும் சந்தை திறக்கும். முதலில் வருகிறவர் முதலில் வாங்குவார். அவர் உடுத்தியிருக்கும் சேலையின் நிறத்தை யாரும் கேட்கக் கூடாது. தலையாரி இனி மாடுகளைக் காவல் காக்கலாம். ஆனைமேலழகர் பல்லக்கோடும் பலாக்களோடும் தங்களிடம் திரும்புகிறார். அவருக்கு வேறு பணி கொடுக்கும்போது, மக்கள் இல்லாத இடமாகப் பார்த்துக் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.

ஆணையை மீறும் குறுநிலத்தாரின் நிலமும் முத்திரையும் பறிக்கப்படும் என்பதை நான் அறிவேன். நிலத்தையும் முத்திரையையும் ஏற்றுக்கொள்ள என் வீட்டில் எனக்குப் பின் யாருமில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆதலால் அச்சுறுத்துவதற்காகத் தாங்கள் அதிகம் எழுதி ஓலையை வீணாக்க வேண்டாம். என்னைக் கொண்டுபோக வீரர்களை அனுப்பினால் போதும். அவர்கள் மாளிகையில் என்னைத் தேடவேண்டியதில்லை. விடியும்போது சந்தையில், சடைச்சியின் கடைமுன் நிற்பேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் வாங்கி முடிக்கும்வரை வீரர்களும் வரிசையில் பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு தடையில்லாமல் உடன் வருகிறேன். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் ஆளுக்கு ஒரு கூடை கொடுத்து அனுப்புங்கள். இவ்வளவு தொலைவு வந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவது அழகல்ல. கீரையும் இந்த ஆண்டு நன்றாக வந்திருக்கிறது.

வேழநாடு வாழ்க, வேந்தர் நீடு வாழ்க, சந்தை விடியலில் திறக்க. இதை எழுதிய கையும், அரக்குருக்கிக் கொன்றைப்பூ முத்திரை பதித்த கையும் உலகநங்கையின் கையே.