அபிராமியின் பதிவு

17 நவம்பர் 2007, சனி

எங்கள் தமிழ்ப் பள்ளி பிள்ளைகளை எழுத விடுவதில்லை. பெற்றோர் எழுதிக் கொடுக்கும் பேச்சை நோர்வேஜிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்க விடுகிறது. அதனால்தான் என் ஏழாம் வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு தொடங்கினேன்.

குரோருட் ரயில் நிலையத்தில் தரை துடைக்கும் அப்பாவை, தோழிகளோடு போகையில் தெரியாதவள்போல் கடந்துபோனதாக என் மாணவி அபிராமி அதில் எழுதினாள். பன்னிரண்டு வரிகளும் அவளே எழுதியவை.

இன்று பள்ளி நிர்வாகி வகுப்புக்குள் வந்து என்னிடம் சொன்னார்.

“தம்பி, உலகம் முழுக்க வாசிக்குது. எங்கடை மானம் போகுது. அதை உடனே அழிச்சுவிடும்.”

அபிராமி தலைகுனிந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் நின்றார்.

“அழிக்க வேண்டாம் மாஸ்டர். பிள்ளை எனக்கெண்டு எழுதின முதல் தமிழ் அது. கீழை நானும் பதில் போட்டனான். அதிலை ரெண்டு பிழை எண்டு இவள் திருத்தியும் போட்டாள்.”

வகுப்பே சிரித்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வேலையில் இப்படி ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை.

“அண்ணை, ஆண்டு விழாவிலை இதை அவள் மேடையிலை வாசிக்கட்டும். ஓமெண்டு சொல்லுங்கோ” என்றேன் நிர்வாகியிடம்.

“பாப்பம்” என்றபடி நிர்வாகி திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்பைப் பூட்டப் போனார்.