மருமகளுக்கு நான் சொன்ன வைத்தியம்

14.11.2006, செவ்வாய்

மருமகள் சாந்தாமணியின் மார்புக் கட்டியை இன்றுதான் மருத்துவரிடம் காட்டினோம். தைப்பூசத்தின்போதே என்னிடம் சொன்னாள். மாதவிடாய் நிற்கும் வயதில் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது என்று அனுப்பிவிட்டேன். விலங்கியல் பட்டதாரியான என் தீர்ப்பை அவளும் நம்பினாள்.

"இத்தனை மாசம் ஏனுங்க வரல?" என்றார் டாக்டரம்மா.

"ஷிப்மெண்ட் நேரமுங்க. கம்பெனிய உட்டுட்டு வர முடியலீங்க," என்றாள் சாந்தாமணி. நான் திருத்தவில்லை.

அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. டாக்டரம்மா கோயமுத்தூர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "நீங்க சொன்னத உங்க பையங்கிட்டச் சொல்லீராதீங்க அத்தை, சத்தம் போடுவாரு," என்றாள்.

இரவு சாப்பிடும்போது, இவ்வளவு நாள் மறைத்தாயே என்று மகன் அவளைத் திட்டினான். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.