ஆக்லாந்தில் ஒரு சர்தார்

ரக்கிரக்கி,
ஃபிஜி, 10 ஜூன் 2001

அன்பான நிசாம் பாய்க்கு,

இதை எழுதுவது நானேதான்! எழுபது வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் டாக்டரின் மனைவி லலிதா அம்மாதான் கோயிலில் கற்றுக்கொடுக்கிறார். கை வலிக்கிறது, நிறுத்தத்தான் மனமில்லை.

பெரிய செய்தி! ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நம் கரும்பு வெட்டும் கேங்கில் பாதிப் பேர் உங்களைப் போலவே விமானம் ஏறிவிட்டார்கள். மிச்சப்பேர் கேங்கை நடத்த ஒரு சர்தாரைத் தேர்ந்தெடுக்கக் கூடினோம். தேவேந்திரா "நான்தான்" என்றான். கமலேஷும் "நான்தான்" என்றான். ஒரே சண்டை. கடைசியில் ஊர்மிளா, "அரே, ரெண்டு பேரும் வேணாம். போன வருஷம் மாதிரி நிசாம் பாயே இருக்கட்டும்!" என்றாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நீங்கள்தான் சர்தார்!

உங்கள் அண்ணன்,
அப்பலசாமி

ஆக்லாந்து,
2 ஜூலை 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தை வீட்டுக்காரி பர்வீனிடம் காட்டிக் காட்டிச் சிரித்தேன். பிறகு அழுதேன். இங்கே மகன் ஜாவேத் என்னைப் புல் வெட்டும் இயந்திரத்தைக்கூடத் தொட விடுவதில்லை. இந்த ஊரில் நான் யாருக்கும் வேண்டியவன் இல்லை. அங்கே நான் இல்லாமல் நீங்கள் தவிக்கிறீர்கள். ஆகஸ்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நான் வரும்வரை ஊர்மிளாவின் மேட்டுநிலத்துக் கரும்பில் யாரும் கத்தி வைக்க வேண்டாம்.

தம்பி நிசாம்

ரக்கிரக்கி,
22 ஜூலை 2001

அன்பான நிசாம் பாய்க்கு,

மேட்டுநிலம் வெட்டி முடிந்தது! கோபிக்காதீர்கள், கேளுங்கள். அங்கே ஊர்மிளாவின் கரும்பில் தீப்பிடித்துவிட்டது. எரிந்த கரும்பைப் போட்டு வைத்தால் சாறு கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். தேவேந்திரா, "சர்தாரக் கேக்கணுமே" என்றான். ஊர்மிளா கத்தினாள்: "சர்தார் ஆக்லாந்துல, தீ இங்க! வெட்டுங்கய்யா!"

யாரும் யாரையும் ஏவவில்லை பாய்! தன் வரிசையை முடித்தவன் பின்தங்கியவன் வரிசைக்குப் போனான். களைத்தவன் லாரி பக்கம் போய்ச் சுமை ஏற்றினான். அவன் விட்ட இடத்தில் இன்னொருவன் நின்றான். பக்கத்துக் கொரோ கிராமத்திலிருந்து பூர்வகுடி ஃபிஜிக்காரர்களும் கத்தியோடு வந்தார்கள். அந்த வாரமே கமலேஷ் கனடா விசா கிடைத்துப் போய்விட்டான். கேங் கலைந்துவிடும் என்று பயந்தேன். கலையவில்லை! அன்று முதல் இப்படியேதான் வெட்டுகிறோம். முன்பெல்லாம் உங்கள் விசிலுக்குக் காத்து நிற்போம். இப்போது ஒவ்வொருவனும் பக்கத்திலிருப்பவனைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். இனிப்பாக எழுதச் சொன்னார் லலிதா அம்மா. எனக்கு அது இன்னும் வரவில்லை. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம். நீங்கள் வந்து நின்றால் எல்லோரும் மறுபடி உங்கள் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். சர்தாராக வராதீர்கள். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

அப்பலசாமி

ஆக்லாந்து,
9 ஆகஸ்ட் 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்த அன்றே பர்வீனிடம் கோபத்தோடு படித்துக் காட்டினேன். மறுநாள் பர்வீன், "வீட்லயும் அப்படித்தானே? நீங்க கடைக்குப் போனாத்தான் வேலை நடக்கும்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது.

தீயைப் பற்றி எழுதியதை நாலு தரம் படித்தேன். அது என் கேங்கா! சர்தார் பதவியை நான் விடமாட்டேன். நான் விட்டால் தேவேந்திரா பிடித்துக்கொள்வான். அங்கே வராமல் இருப்பதுதான் இந்த வருஷம் என் வேலை. அதை ஒழுங்காகச் செய்வேன்.

டிக்கெட்டை டிசம்பருக்கு மாற்றிவிட்டேன். அப்போது வெட்டக் கரும்பு இருக்காது. இரண்டு பேரும் பகலெல்லாம் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிப்போம். தேவேந்திராவிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம். சர்தார் எந்த பஸ்ஸிலும் வந்து இறங்கலாம் என்று அவன் பயந்துகொண்டே இருக்கட்டும்.

தம்பி நிசாம்