தாய்மாமன் அனுப்பிய வாழ்த்துப்பா

ராயபுரம்,
தை, 1954

அன்புள்ள அண்ணனுக்கு,

கோமதி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரையும் நிறுத்தவில்லை.

நீங்கள் தபாலில் அனுப்பிய வாழ்த்துப்பாவைப் பந்தலில் வாசித்தார்கள். எல்லோரும் புரியாமலே கைதட்டினார்கள். "இன்னாம்மா எழுதிக்கீறாரு உங்க காலேஜ் அண்ணாத்தே?" என்று பக்கத்து வீட்டு ஜெரினா கேட்டாள். எனக்குப் புரிந்தால்தானே சொல்ல?

உடனே அவள், கோமதியை மடியில் வைத்துக் காது குத்தியபோது நீங்கள் கட்டிய பாட்டை எடுத்துவிட்டாள்.

"கடிச்சது ஊசியில்ல, எறும்பு;
கப்பல் ஊதுது, இந்தப்பக்கம் திரும்பு!"

நம் தெருக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் குழந்தை அழுகையை நிறுத்தியது. இந்த முறை கோமதி அதைக் கேட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி